பப்ஸுக்கு வாங்கிய வெண்ணெய்

மீஞ்சூர் பேக்கரி முதலாளி எங்கள் வெஜிடபிள் பப்ஸைக் கடித்தார். இரண்டு மெல்லு மென்றார். அப்புறம் தாடை நின்றுவிட்டது. வாயில் இருப்பதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டிக் கேட்டார்:

“இதுல இறா போட்டியா?”

உள்ளே இருந்தது உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், வெங்காயம். இறாலின் மீசைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கை உரித்தவள் என் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் என் சம்சாரத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முட்டைகூட வைக்காத சுத்த சைவக் கடை அது. கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம், அதற்கு மேலே ‘சைவம்’ என்று பச்சை எழுத்து. அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு மனிதர், இறாலை மென்றுகொண்டிருக்கிறேன் என்கிறார்.



நாங்கள் அங்கே போய் நின்றதற்குக் காரணம் என் சம்சாரத்தின் வலது கட்டை விரல். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் போவதில்லை. படகு ஆடினால் எனக்கு வாந்தி வரும். மீன் பிடிக்கிறவன் வீட்டில் பிறந்துவிட்டு, படகில் கால் வைத்ததும் குமட்டுகிறவனை என்ன செய்வது? என் நைனா ஊரில் யாரிடமும் இதைச் சொல்லமாட்டார். கேட்டால், “பையன் மீஞ்சூர்ல பேக்கரி மாஸ்டர்” என்பார். இரண்டு வருஷம் அந்தக் கடையில் நான் வேலை பார்த்தது உண்மை. மாஸ்டர் என்பது நைனாவும் நானும் சேர்ந்து செய்த கலப்படம். நான் பார்த்தது ட்ரே துடைக்கிற வேலை.

என் சம்சாரம் பக்கத்துத் தோணிரேவு ஊர்க்காரி. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு நேரம்தான் அவள் வாய் மூடியிருக்கும். ஒருநாள் சேற்றுக்குள் கெளுத்தி முள் அவள் கட்டை விரலின் அடியில் ஏறி ஒடிந்துவிட்டது. கை பூரி மாதிரி வீங்கியது. முள்ளை எடுத்த டாக்டர், இந்தக் கையோடு மறுபடியும் சேற்றில் இறங்கி சீழ் வைத்தால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லி அனுப்பினார். ‘எடுக்க’ என்றால் என்ன என்று நான் கேட்டேன். அவர் தன் விரல் மேல் இன்னொரு விரலால் கத்தி மாதிரி கோடு போட்டுக் காட்டினார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் எனக்குத்தான் தண்ணீர் கொடுத்தார்.

நான்காம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆள் வீட்டில் இல்லை. கரைக்கு ஓடினேன். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் பறி.

“மே, வெளிய வா! விரல எடுத்துடுவாங்க!”

பறியைக் கையில் எடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “நீ கடலுக்கும் போவ மாட்ட. நானும் எறங்காட்டி சோத்துக்கு இன்னா பண்றது? நீதான் மாஸ்டராச்சே, உதார் உட்டுக்கினே கீறியே, ஒரு தபா பப்ஸ் பண்ணிக் காட்டு பாக்கலாம்.”

பத்துப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். “பண்றேன்” என்று சொன்னது என் வாய்தான். கேட்டு அதிர்ந்ததும் நான்தான்.

அதிர்ஷ்டம் என்னவென்றால், அந்தச் சமயத்தில் பேக்கரியின் நிஜமான மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் போய்க் கேட்டதும் முதலாளி மூலையில் கிடந்த பழைய ஓவனை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். நல்லா வந்தால் தினமும் நூறு பப்ஸ் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. “டால்டா மாதிரி அந்த மஞ்ச கட்டி வாணாம். மேலண்ணத்துல மெழுகு பூசுன மாதிரி ஒட்டுதுன்னு ஆளுங்க சொல்றாங்க. அசல் வெண்ணெய்ல பண்ணிக்கினு வா.”

வெண்ணெய்தானே, கடையில் போய் வெண்ணெய் என்று கேட்டால் கொடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். ஒரு மனிதன் இவ்வளவு வயதுவரை வெண்ணெயைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்க முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

முதலில் திருப்பாலைவனத்துக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு அம்மா எருமை வெண்ணெயைத் தண்ணீரில் உருண்டையாக மிதக்கவிட்டு விற்பார். வெள்ளை வெளேரென்று, பார்த்தாலே கன்னத்தில் தேய்த்துக்கொள்ளத் தோன்றும். இதைவிட அசல் எங்கே இருக்கிறது? மாவைத் தேய்த்து, நடுவில் வெண்ணெயை வைத்து, நான்கு பக்கமும் மடித்து, கட்டையால் ஒரு இழுப்பு இழுத்தேன். மாவுக்கு வேர்த்தது. மடித்த இடமெல்லாம் மோர்த் தண்ணீர் பிதுங்கியது. ஓவனுக்குள் வைத்ததும் வெண்ணெய் மொத்தமும் உருகி வெளியே வந்து, பப்ஸ் அதில் படகு விட்டது. தெரு முழுக்க நெய் வாசனை. “யார் வூட்ல இன்னா விசேஷம்?” என்று ஆட்கள் வந்துவிட்டார்கள்.

என் சம்சாரம் ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டினாள். டொக் டொக் என்றது. “செருப்ப நெய்யில பொரிச்சு எடுத்துக்கீறாரு மாஸ்டரு” என்றாள்.

அடுத்து, எங்கள் ஊர்க் கடையில் பாக்கெட் வெண்ணெய் வாங்கினேன். ரொட்டியில் தடவுகிற மஞ்சள் வெண்ணெய், உப்புப் போட்டது. வீட்டுக்கு வருவதற்குள் பாக்கெட்டே தொளதொளவென்று ஆகிவிட்டது. தேய்க்கத் தேய்க்க மாவோடு மாவாகக் கலந்து போனது. ஒரு அடுக்கு வரவில்லை. உப்பு மட்டும் வந்தது, ஏற்கெனவே நான் போட்ட உப்போடு கைகோத்துக்கொண்டு.

“இது பப்ஸ் இல்லய்யா. கோச்சுக்கினு மூஞ்சி உப்பிப் போன சப்பாத்தி” என்றாள்.

மூன்றாவது தடவை மீஞ்சூருக்கே போய், கேக் சாமான் விற்கிற கடையில் உப்பில்லாத கட்டி வெண்ணெய் வாங்கினேன். வெளிர் மஞ்சள், செங்கல் மாதிரி. கடைக்காரர், தண்ணீர் கம்மியாக இருக்கிற வெண்ணெயாகப் பார்த்து வாங்கவேண்டும், குளிர்ச்சி போகாமல் வைத்திருக்கவேண்டும் என்றார். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுத்தான் கொண்டுவந்தேன். வந்ததும் வராததுமாக அதை எடுத்து மாவில் வைத்துக் கட்டையால் அழுத்தினேன். கண்ணாடி மாதிரி உள்ளேயே ஒடிந்து மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் சம்சாரம் ஒரு துண்டை எடுத்து, கட்டை விரலில் கட்டுப் போட்டிருந்ததால் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்தாள். மீன் வாங்கும்போது அழுத்துவாளே, அதே அழுத்து.

“ஐஸ் ஓவரா ஏறிடிச்சு. ஐஸ்லயே கெடந்த மடவ மீன வளைச்சா இன்னா ஆவும்? ஒடியும். கொஞ்சம் ஆற உடு. வளையணும், ஒடியக் கூடாது. வெரலு பதியணும், வெரல்ல ஒட்டக் கூடாது. மாவும் அதே பதத்துல இருக்கணும். அது ஜில்லுனு, இது சூடா இருந்தா ரெண்டும் எப்டி ஒண்ணா நவுரும்?”

இரண்டு வருஷம் கதவு இடுக்கு வழியாக மாஸ்டரின் கையைப் பார்த்த எனக்குத் தெரியாதது, பேக்கரி வாசலையே மிதிக்காதவளுக்கு மீன் மூலமாகத் தெரிந்திருக்கிறது. நான் அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல், “அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றேன். அவள் கட்டையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

மறுநாள் விடிகாலையில், காற்று குளுகுளுவென்று இருக்கும்போதே அவள் தேய்த்தாள். வலையை மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, எடுத்து, திருப்பித் தேய்த்து, மறுபடி மடித்து. ஓவனுக்குள் பப்ஸ் எழுந்தது பாருங்கள், நான் கத்தியே விட்டேன். அடுக்கடுக்காக, புத்தகத்தைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் விரியுமே, அப்படி. கடித்தால் சட்டையெல்லாம் பொரிப் பொரியாக உதிர்ந்தது. தெருவில் எல்லாருக்கும் ஒன்று கொடுத்தோம். எல்லாரும் சோக்கா கீது என்றார்கள். என் நைனா இரண்டு தின்றுவிட்டு, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார். யாரிடம், எப்போது சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த வெண்ணெயில் செய்த பப்ஸைத்தான் டின்னில் அடுக்கி, பஸ்ஸில் பொன்னேரி போய், ரயில் மாறி, மீஞ்சூரில் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைத்தான் முதலாளி கடித்தார். அப்போதுதான் கேட்டார், இறால் போட்டாயா என்று.

“சாமி சத்தியமா இல்ல மொதலாளி!”

அவர் வாயில் இருந்ததைக் காகிதத்தில் துப்பிவிட்டு, கல்லாவில் இருந்த பையனிடம் இன்னொரு பப்ஸை நீட்டினார். அவன் கடிக்கவே இல்லை. முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல வெண்ணெய்தான் போட்டோம் என்று காட்டுவதற்காக மிச்சக் கட்டியையும் நான் கொண்டுபோயிருந்தேன். முதலாளி அதைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார்.

“எதுல வெச்ச இத?”

“ஐஸ் பொட்டில.”

“அதுல முன்னாடி இன்னா வெச்ச?”

பெட்டி புதிதில்லை. என் அண்ணன் இறால் போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெட்டி. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி வெயிலில் காயவைத்திருந்தேன். எங்கள் குப்பத்தில் ஐஸ் பெட்டி என்றால் இறால் வைக்கிற பெட்டிதான், வேறு எந்தப் பெட்டி இருக்கிறது? வெண்ணெய் பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று முதலாளி சொன்னார். வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெங்காயம், இறால் பெட்டியில் வைத்தால் இறால்.

நான் கட்டியை வாங்கி முகர்ந்தேன். வெண்ணெய் வாசனை வந்தது. என் சம்சாரம் முகர்ந்தாள். “வெண்ண வாசம்தான் வருது” என்றாள். மறுபடி முகர்ந்தேன். மூக்கே அதில் பட்டது. வெண்ணெய்தான்!

முதலாளி எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. “நீங்க அதுலயே பொறந்து அதுலயே கீறீங்க. உங்க மூக்குக்கு அது தெரியாது” என்றார்.

எனக்கு அப்போது ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“மொதலாளி, நான் இங்க ரெண்டு வருசம் வேல செஞ்சேனே... அப்பவும்...?”

அவர் கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினார். “அதான் உன்ன மாவுல கை வெக்க உடல. ட்ரே துடைக்க வெச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவன்னு சொல்லல.”

இரண்டு வருஷம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? என் கை அவ்வளவு சுத்தம், அதனால்தான் ட்ரேயை என்னை நம்பித் தருகிறார் என்று. வீட்டில் சொல்லிக்கூட இருக்கிறேன். இப்போது என் சம்சாரம் பக்கத்தில் நின்று கேட்கிறாள். எந்த விஷயத்துக்கும் என்னைக் கிண்டல் செய்கிறவள், அன்றைக்குத் தன் புடவைத் தலைப்பை எடுத்து, யாரும் பார்க்காதபடி முகர்ந்து பார்த்துக்கொண்டாள். முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டு, திங்கட்கிழமை வேண்டுமானால் இன்னொரு தடவை கொண்டுவாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். அவளுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டியபோதுதான் வாயைத் திறந்தாள். “நாளைக்கு எறங்கிடறேன்யா. தண்ணிக்குள்ள எந்த வாசமும் தெரியாது.”

மடியில் கிடந்த அவள் கையைப் பார்த்தேன். முள் ஏறிய இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. டாக்டர் விரல் மேல் போட்ட கோடு ஞாபகம் வந்தது. “திங்கக்கெழம வரைக்கும் பொறு மே. ஒரே ஒரு தபா” என்றேன். முதல்தடவையாக என் குரலில் உதார் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். சரி என்றாள்.

மீன் வைக்காத பிரிட்ஜ் ஒன்று வேண்டும். மறுநாள் காலை குப்பத்தில் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் தயிர்ச் சட்டிக்கு மேல் கருவாட்டுப் பை. இரண்டாவது வீட்டில் ஐஸ் கட்டி உறைய வைக்கிற தட்டில் தூண்டிலுக்கான இரை. மூன்றாவது வீட்டில் பிரிட்ஜ் கதவைத் திறந்ததும் ஒரு நண்டு என்னைப் பார்த்தது. உயிரோடு.

“ஏன்டா, எங்க வூட்டு பிரிட்ஜ் நாறுதுன்னா சொல்ற?” என்று அந்த வீட்டு அண்ணன் கையை மடக்கிக்கொண்டு வந்தார்.

“நாறுதா இல்லியான்னே எனக்குத் தெரிலண்ணா. அதான் பேஜாரே.”

கடைசியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, அண்ணி முறை ஆகிறவர் வீட்டுக்கு வந்தேன். அவருடைய மகள் மூன்று மாதம் முழுகாமல் இருந்து, மசக்கை தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மீன் வாசனை பட்டாலே வாந்தி. அதனால் அண்ணி பிரிட்ஜையே எலுமிச்சை போட்டுக் கழுவி, மீனை எல்லாம் பக்கத்து வீட்டுக்குத் துரத்தியிருந்தார். உள்ளே பால், தக்காளி, நான்கு எலுமிச்சம்பழம். மீன் இல்லாத பிரிட்ஜை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளே இவ்வளவு இடம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

நான் வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “சித்தப்பா! கிட்ட வராத! அங்கியே நில்லு!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். எனக்கு மானம் போனது. ஆனால் அடுத்த நொடியே தலைக்குள் பல்பு எரிந்தது. ஊரில் எங்கள் யாருக்கும் இல்லாத மூக்கு ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது!

அன்றைக்கு மட்டும் மூன்று முறை குளித்தேன். இரண்டு முறைக்கு அவள், “இன்னும் வருது” என்றாள். மூன்றாவது முறை சீயக்காய் போட்டுக் குளித்து, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்துப் பெட்டியிலேயே கிடந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். “பரவால்ல” என்றாள். புது வெண்ணெய்க் கட்டியைக் கடைப் பையோடு நீட்டினேன். முகர்ந்துவிட்டு உள்ளே வைக்கச் சொன்னாள். எங்கள் தேய்க்கிற கட்டையைக் காட்டினேன், ஓடினாள். பலகையைக் காட்டினேன், ஓடினாள். பலகை முன்பு மீன் வெட்டிய பலகை என்று அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அண்ணியின் சப்பாத்திக் கட்டையும் பலகையும் தேறின. என் சம்சாரம் இரண்டு முறை குளித்ததில் தேறினாள்.

“ஒன்னவிட ஒரு தபா கம்மி” என்றாள் என்னைப் பார்த்து. மீஞ்சூருக்குப் பிறகு அவள் செய்த முதல் கிண்டல்.

திங்கட்கிழமை விடியும்போது அண்ணி வீட்டிலேயே மாவு தேய்த்தோம். வெண்ணெயை எடுத்து வெளியே வைத்து, விரலால் அழுத்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்து, ‘இப்ப’ என்று அவள் சொன்ன பிறகுதான் மாவுக்குள் போனது. ஓவனைக்கூடச் சோடா மாவு போட்டுத் தேய்த்து அங்கேயே தூக்கி வந்திருந்தேன். முதல் பப்ஸ் வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் தட்டை நீட்டினோம். வாரக்கணக்காக அவள் வயிற்றில் கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அண்ணி கையில் தயாராகச் சட்டி வைத்திருந்தார்.

அவள் முகர்ந்தாள். ஓரத்தைக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியைத் தின்றாள். முழுதையும் தின்றாள். இரண்டாவதைத் தானே எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பாதி வட்டம் போனது. சட்டிக்கு வேலை வரவில்லை.

“இன்னொண்ணு கீதா சித்தி?” என்றாள் என் சம்சாரத்திடம்.

அண்ணி சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். பப்ஸ் தின்றதற்கு ஒரு வீட்டில் அழுகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன்.

மீஞ்சூரில் முதலாளி கடிக்கும் முன்பே முகர்ந்தார். கல்லாப் பையனும் முகர்ந்தான். கடித்தார்கள். சட்டையில் பொரி உதிர்ந்தது. முதலாளி முழுதும் தின்று முடித்து, விரலில் ஒட்டியதையும் நாக்கால் எடுத்து, என்னைத் தாண்டி என் சம்சாரத்தைப் பார்த்தார்.

“வெண்ண பதம் யாரு பாத்தது?”

நான் வாயைத் திறந்தேன். என் வாய் என்னை அறியாமல், “இவதான்” என்றது.

“குப்பத்துலர்ந்து டெய்லி தூக்கிக்கினு வந்தா வெண்ண தாங்காதும்மா. இங்க பிரிட்ஜ் கீது, மேடை கீது. காலைல நீயே வந்து தேச்சிக் குடு. கடைக்குன்னு ஒரு பொடவை இங்கியே வெச்சுக்கோ.” அப்புறம்தான் நான் இருப்பது ஞாபகம் வந்தது. “நீயும் வா. ட்ரே கெடக்கு.”

இப்போது தினமும் முதல் பஸ்ஸில் வருகிறோம். எந்தக் கதவின் இடுக்கு வழியாக இரண்டு வருஷம் எட்டிப் பார்த்தேனோ, அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போகிறாள். கட்டை விரலில் கட்டு போய், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. அந்த விரலால் வெண்ணெயை அழுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்து, பதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நேற்று, ஒரு தடவையாவது நானும் மடித்துப் பார்க்கிறேனே என்று உள்ளே போய்க் கேட்டேன். என் கையை இழுத்து முகர்ந்தாள்.

“உனக்குத்தான் மீன் வாசம் தெரியாதே, எப்டி மோந்து பாக்குற?” என்றேன்.

“தெரியாதுதான். அதான் சொல்றேன், வெளிய போ” என்றாள். நான் போய் ட்ரேயைத் துடைத்தேன்.